பத்து சதவீத விதியும் முலுண்டுச் சிறுத்தைகளும்

உங்கள் கேள்வியை என் பாணியில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். மகள் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு. உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும், அதாவது ஊட்ட மட்டத்திலும், இருக்கும் ஆற்றலில் சராசரியாக 10 சதவீதம்தான் அடுத்த மட்டத்துக்குப் போகும், அதனால்தான் மேலே போகப் போக உயிர்கள் குறைகின்றன என்று சுற்றுச்சூழல் பாடத்தில் படித்துவிட்டு வந்து உங்களை மடக்குகிறாள்: "அப்பா, அப்படின்னா நம்ம முலுண்டு மலைக் காட்டில் இத்தனை சிறுத்தை எப்படி? மான் அவ்வளவு கண்ணில் படவில்லையே. ஐரோலிப் பாலத்தில் போகும்போது தண்ணீர் முழுக்கப் பூநாரை நிற்கிறதே, அதற்கெல்லாம் சாப்பாடு எங்கிருந்து?" நீங்கள் தேடிப் பார்த்ததில் ஒருவர் அதை இயற்கையின் சட்டம் என்கிறார், இன்னொருவர் காலாவதியான கணக்கு என்கிறார். எதை நம்புவது, பரீட்சையில் என்ன எழுதச் சொல்வது என்று கேட்கிறீர்கள்.

நான் இதே மும்பையில் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன், செம்பூர்வாசி. உங்கள் மகள் கேட்டதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எவ்வளவு ஆற்றல் போகிறது என்பது ஒன்று. முதல் படி எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. பாடப்புத்தகம் முதலாவதைச் சொல்லிக்கொடுக்கிறது. அவளுடைய சந்தேகம் முழுக்க இரண்டாவதில் இருக்கிறது. அதைத் தொட முதலாவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகத்துக்கே இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றல் ஒரு சூழல் மண்டலத்தில் ஒரே திசையில்தான் ஓடும். ஒளியாக உள்ளே வருகிறது. அதில் கொஞ்சத்தைச் செடி சர்க்கரையாகவும் மாவுச்சத்தாகவும் பூட்டி வைக்கிறது. தின்கிறவை அந்தப் பூட்டைத் திறந்து செலவழிக்கின்றன. கடைசியில் அத்தனையும் வெப்பமாகி, அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குப் போய்விடுகிறது. அந்த வெப்பத்தைப் பிடித்து எந்தச் செடியாலும் திரும்பச் சர்க்கரை செய்ய முடியாது. நைட்ரஜன், பாஸ்பரஸ், கார்பன் கதை வேறு. அவை சுற்றிச் சுற்றி வரும். "சிதைப்போர் ஆற்றலை மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன" என்று விடைத்தாளில் எழுதும் பிள்ளைகள் வருடா வருடம் உண்டு. மண்ணுக்குத் திரும்புவது சத்துப்பொருள்தான். ஆற்றலைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் அங்கேயே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும். புது உரக்குழியில் கையை விட்டால் சுடுகிறதே, அதுதான்.

செடி பிடிப்பதும் சொற்பமே. சூரிய ஒளியில் ஏறக்குறைய பாதி, ஒளிச்சேர்க்கைக்கு உதவாத அலைநீளங்களில் வருகிறது. மிச்சத்திலும் வேதிவினையின் உள்கணக்கிலேயே பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. நெல், கோதுமை போன்ற பயிர்களுக்கு ஏட்டளவிலான உச்சவரம்பு 4.6 சதவீதம், கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றுக்கு 6 சதவீதம். வயலிலும் காட்டிலும் நிஜத்தில் கிடைப்பது அதற்கும் வெகு கீழே, ஒரு சதவீதத்தை ஒட்டி. பாடப்புத்தகம் சொல்லும் 1 சதவீதம் இதுதான். நியாயமான எண்.

அடுத்து, 10 போக மிச்சம் 90 எங்கே? "90 சதவீதம் வெப்பமாக வீணாகிறது" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது அரைகுறை. மூன்று வழிகளில் போகிறது, மூன்றும் ஒன்றல்ல. பெரும்பகுதியை யாருமே தின்பதில்லை. இலை உதிர்கிறது, மரம் காய்ந்து விழுகிறது, மான் கிழடாகிச் சாகிறது. தின்றதிலும் ஒரு பங்கு செரிக்காமல் சாணமாக வெளியே வருகிறது. செரித்ததில்தான் பெரும்பங்கு மூச்சில் எரிந்து வெப்பமாகிறது. ஆரே காலனியில் இன்றைக்கும் எருமைத் தொழுவங்கள், இங்கே தபேலா என்பார்கள், இருக்கின்றன. ஒரு தடவை மகளைக் கூட்டிப்போய்ச் சாணத்தைத் தட்டிக் காயவைத்த வரட்டியைக் காட்டுங்கள். வரட்டி அடுப்பில் எரிகிறது என்றால், எருமை தின்ற புல்லின் ஆற்றலில் ஒரு நல்ல பங்கை எருமையால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, அது இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அடுப்புக்குப் போகாத சாணத்தில் அந்த ஆற்றல் சாணவண்டுக்கும் புழுவுக்கும் பூஞ்சைக்கும் போகும். அங்கேயும் ஒரு சங்கிலி கிளம்புகிறது. எருமையின் கணக்கில் செலவாக எழுதியது வண்டின் கணக்கில் வரவு.

இப்போது அந்தப் பத்து. இதன் மூலம் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் 1942ல் வெளியிட்ட ஒரு கட்டுரை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடர் பாக் என்ற சின்னச் சதுப்பு ஏரியைப் பல ஆண்டுகள் அலசி, பாசி முதல் மீன் வரைக்கும் எல்லாவற்றையும் கலோரிக்கு மாற்றி எழுதினார். கட்டுரை அச்சேறச் சில மாதங்கள் இருக்கும்போது 26 வயதில் இறந்துபோனார். அவருடைய அட்டவணையைப் பார்த்தால் வேடிக்கை. அந்த ஏரியில் தாவர உண்ணிகளின் திறன், அதாவது கீழ்ப்படியிலிருந்து அவை எடுத்துக்கொண்ட பங்கு, 13.3 சதவீதம், அவற்றைத் தின்பவற்றுக்கு 22.3. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட மெண்டோட்டா ஏரியில் தாவர உண்ணியிலிருந்து மேலே படிப்படியாக 8.7, 5.5, 13.0. பத்து என்று ஓரிடத்திலும் இல்லை. "பத்து சதவீத விதி" என்று அவர் எதையும் வகுக்கவும் இல்லை. பின்னால் வந்த பாடநூல்கள் நினைவில் நிற்கட்டும் என்று முழு எண்ணாக்கிக்கொண்டன. அவர் காட்டியது, எல்லா உயிர்களையும் ஆற்றல் என்ற ஒரே அளவுகோலில் நிறுத்திக் கணக்குப் பார்க்க முடியும் என்பதை. அது பெரிய காரியம்.

1957ல் ஹோவர்ட் ஓடம் புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றைப் பற்றி வெளியிட்ட கணக்கு இன்னும் துப்புரவானது. சதுர மீட்டருக்கு ஓராண்டில் தாவரங்கள் பிடித்தது 20,810 கிலோகலோரி. அவற்றின் சொந்தச் செலவு போக மிஞ்சியது 8,833. தாவர உண்ணிகளுக்கு வந்தது 3,368, கொன்றுண்ணிகளுக்கு 383, உச்சியில் இருப்பவற்றுக்கு வெறும் 21. 3,368ஐ 20,810ஆல் வகுத்தால் 16 சதவீதம். மிஞ்சிய 8,833ஆல் வகுத்தால் 38 சதவீதம். ஒரே ஊற்று, ஒரே அளவீடு, வகுக்கும் எண்ணை மாற்றியதும் விடை இரட்டிப்புக்கும் மேல். இணையத்தில் நீங்கள் பார்த்த சண்டைகளில் பாதி இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். எந்த எண்ணை எதால் வகுத்தார்கள் என்று கேட்காமல் சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் யாரையும் யாரோடும் மோதவிடலாம்.

பத்து ஓரளவு பொருந்தும் இடம் தண்ணீர். 1995ல் டேனியல் பாலியும் வில்லி கிறிஸ்டென்சனும் உலகெங்கும் நீர்நிலைகளுக்குப் போட்ட மாதிரிக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி பத்துக்கு ஒட்டியே வந்தது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் 2 முதல் 24 வரை சிதறிக் கிடந்தது. செம்பூர் மீன் மார்க்கெட்டில் இதை ஒரு சுற்றில் காட்டிவிடலாம். ஒரு பக்கம் மத்தி குவியலாகக் கிடக்கும். அது பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்பாசியையும் நுண்ணுயிரிகளையும் வடிகட்டித் தின்று வளர்வது. பக்கத்திலேயே ஜவ்லா, நம்ம ஊர் சென்னாகூனி. அதைத் தின்று வளர்வது பொம்பில். தனியாகப் பனிக்கட்டியில் படுத்திருக்கும் வஞ்சிரம், இங்கே சுர்மை என்பார்கள், மத்தியையும் நெத்திலியையும் துரத்தித் தின்பது. ஒரு கிலோ வஞ்சிரத்துக்குப் பின்னால் தோராயமாக 10 கிலோ மத்தி வகையறா, அதற்குப் பின்னால் 100 கிலோ நுண்ணுயிர் என்று வைத்துக்கொள்ளலாம். வஞ்சிரம் விலை எகிறுவதற்கு ருசி, முள் குறைவு, கிராக்கி என்று வேறு காரணங்களும் உண்டு; ஆனால் கடலில் அது மத்தியளவு இருக்கவே முடியாது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. இதற்கு நேர்மாறாக நடப்பதும் ஒன்று உண்டு: பாதரசம் போன்ற சிதையாத நஞ்சை யாரும் மூச்சில் எரிக்க முடியாது, அதனால் ஆற்றல் குறையும் அதே படிகளில் அது கூடிக்கொண்டே போகும்.

தரையில், வெப்ப ரத்தப் பிராணிகளிடம் வந்தால் பத்து செல்லாது. ஒரு தெரு நாயை எடுத்துக்கொள்வோம், சிறுத்தைக்கு எப்படியும் அது வேண்டியிருக்கிறது. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கிலோகலோரி வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் வெறும் கலோரி என்று போட்டிருப்பதும் இந்தக் கிலோகலோரிதான். மூன்று வருடம் உயிரோடு இருந்தால், குட்டிக் காலத்தைக் கழித்துவிட்டு, ஏறக்குறைய 10 லட்சம் தின்றிருக்கும். அந்த நாயின் உடம்பில் இருக்கும் ஆற்றல் கிலோவுக்கு 1,500 முதல் 2,000 என்று வைத்தால் மொத்தம் 22,000 முதல் 30,000. ஆக 2 முதல் 3 சதவீதம். மிச்சமெல்லாம் உடம்பைச் சூடாக வைப்பதற்கும் இரவெல்லாம் குரைத்துக்கொண்டு ஓடுவதற்கும் போய்விட்டது. பாலூட்டிகளும் பறவைகளும் செரித்ததில் சதையாக்குவது பொதுவாக 1 முதல் 3 சதவீதம். மீனும் தவளையும் பாம்பும் சூட்டுக்காக எரிக்க வேண்டியதில்லை, அவை பத்தை ஒட்டி வரும். பூச்சிகள் பல 40 சதவீதம்கூடத் தொடும். எல்லாவற்றையும் ஒரே பத்துக்குள் அடைப்பது வகுப்பறைக்குச் சரி, காட்டுக்குச் சரிவராது.

சரி, பூநாரைக்கு வருவோம். ஐரோலிப் பாலத்துக்குக் கீழே இருக்கும் தானே கழிமுகத்துக்கு 1990களிலிருந்து பெரிய கூட்டமாக வருகின்றன, முதலில் பேர் வாங்கியது சிவ்ரிச் சேறு. 2015ல் கழிமுகத்தின் ஒரு பகுதியைச் சரணாலயமாக்கினார்கள், 2022ல் அது முக்கியமான சதுப்புநிலங்களின் உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய பறவை இத்தனை எப்படி என்பது நல்ல கேள்வி. பதிலின் முதல் பாதி அலகில் இருக்கிறது. இங்கே வருபவற்றில் பெரும்பான்மை சிறு பூநாரை. அது தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கைப் பம்பு மாதிரி அடித்து, அலகின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளில் நீலப்பச்சைப் பாசியையும் டயாட்டம் என்னும் நுண்பாசியையும் வடித்து விழுங்குகிறது. அதாவது உற்பத்தியாளரையே நேராகத் தின்கிறது. நடுவில் தரகரே கிடையாது. கூட வரும் பெரிய பூநாரைக்கு அலகுத் தகடு கொஞ்சம் அகலம், அது இறால் குஞ்சு, புழு, பூச்சி முட்டை என்று ஒரு படி மேலே தின்கிறது. அது இங்கே குறைவாக இருப்பதை ஆற்றல் கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம், ஆனால் அது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் ஆழம், உப்பு, அவை கூடு கட்டும் குஜராத்தில் அந்த வருட மழை எல்லாம் சேர்ந்துதான் யார் எத்தனை வருகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கின்றன.

மறுபாதி, அந்தப் பாசி ஏன் அவ்வளவு? ஆழமில்லாத சேறு, நல்ல வெயில், கூடவே நம்முடைய சாக்கடை. கழிவுநீரில் வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரம். பூநாரைகள் பெருகியதற்கு இதுதான் காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். பொருத்தமான விளக்கம், நானும் அந்தப் பக்கம்தான். இருந்தாலும் சாக்கடையை நிறுத்திப் பார்த்து யாரும் சோதனை செய்ததில்லை என்பதால் இதை நிரூபித்த உண்மை வரிசையில் வைக்க முடியாது. உரம் ஆற்றல் அல்ல என்பதை மட்டும் உங்கள் மகள் பிடித்துக்கொள்ளட்டும். பாசிக்கு ஆற்றல் வெயிலிலிருந்து வருகிறது. உரம் அந்த வெயிலைப் பிடிக்க வேண்டிய பொருளைத் தருகிறது. சாக்கடையில் வரும் சோற்றுக்கஞ்சியும் மலமும் வேறு விஷயம். அவற்றில் ஆற்றலே இருக்கிறது, பாக்டீரியாவும் புழுவும் அதை நேராகத் தின்கின்றன.

அதே கழிமுகத்தின் கரையில் கண்டல் காடு. இங்கே இன்னொரு பாடம் இருக்கிறது, பாடப்புத்தகம் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. வெண்கண்டலின் பச்சை இலையைத் தின்பது ரொம்பக் குறைவு. காடுகளில் பொதுவாகவே விளைந்த இலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் உயிரோடு தின்னப்படுகிறது. கடலில் மிதக்கும் நுண்பாசியிலோ பாதிகூட மேயப்பட்டுவிடும். கண்டலின் இலை பழுத்துச் சேற்றில் விழுந்த பிறகுதான் கச்சேரி ஆரம்பம். அலை இறங்கும் நேரத்தில் ஓரமாக நின்று பார்த்தால், ஒரு நண்டு பழுத்த இலையின் காம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு வளைக்குள் போகும், இலை வாசலில் மாட்டிக்கொள்ளும், விட்டுவிட்டு வந்து மடித்து மறுபடி இழுக்கும். பாக்டீரியாவும் பூஞ்சையும் ஊறிய அந்த இலைத் துணுக்கை நண்டும் இறாலும் தின்ன, அவற்றை மீனும் கொக்கும் தின்னும். மட்குப்பொருள் உணவுச்சங்கிலி என்று பெயர். புல், மான், புலி என்று வரையும் மேய்ச்சல் சங்கிலியைவிடப் பெரும்பாலான நிலச் சூழல்களில் இதன் வழியாகத்தான் அதிக ஆற்றல் போகிறது. படத்தில் சிதைப்போரை ஒரு மூலையில் சின்னக் காளானாக வரைந்துவிடுவதால் நமக்கு அது உறைப்பதில்லை.

இனி சிறுத்தை. முலுண்டை ஒட்டிய அந்தக் காடு, சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, சுமார் 104 சதுர கிலோமீட்டர். 2018ல் பூங்காவையும் சுற்றுப்பகுதியையும் சேர்த்துத் தானியங்கிக் கேமராக்கள் வைத்துச் செய்த ஆய்வில் 47 சிறுத்தைகள் என்று வந்தது, 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26. உடம்புப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் வேறு, அதனால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணும் ஆபத்து குறைவு. இதற்கு எவ்வளவு இரை வேண்டும்? 2002ல் கார்போன், கிட்டில்மேன் இருவரும் பல கொன்றுண்ணி இனங்களை ஒப்பிட்டு ஒரு விகிதம் சொன்னார்கள்: 10,000 கிலோ இரை நடமாடும் இடத்தில் ஏறக்குறைய 90 கிலோ கொன்றுண்ணி வாழும். சிறுத்தைக்குச் சராசரி 45 கிலோ என்று வைத்தால் 26 சிறுத்தை 1,170 கிலோ. அதற்கு வேண்டிய இரை 1,30,000 கிலோ. எல்லாம் 50 கிலோ புள்ளிமான் என்று கற்பனை செய்தால் 100 சதுர கிலோமீட்டரில் 2,600 மான்கள் நிற்க வேண்டும். உங்கள் மகளின் கண் பொய் சொல்லவில்லை. பூங்காவில் புள்ளிமான், கடம்பை மான், லங்கூர் குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் உண்டு, சிறுத்தைகள் அவற்றைத் தின்னவும் தின்கின்றன. ஆனால் காட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகியும் வரையும் உணவுப் பிரமிடின் உச்சி அளவுக்கு மீறிப் பெருத்துத்தான் தெரிகிறது.

காட்டை மட்டும் வைத்துப் பார்ப்பதுதான் கோளாறு. மும்பையில் ஒரு குடும்பத்தின் சம்பளத்தை மட்டும் எழுதிக்கொண்டு, மாதா மாதம் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வரும் அரிசி மூட்டையை விட்டுவிட்டால் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது புரியாது. சிறுத்தைக்கு வரும் மூட்டை தெரு நாய். 2018ல் வெளியான இன்னொரு கட்டுரை, இந்தச் சிறுத்தைகளின் உணவில் சுமார் 40 சதவீதம் நாய், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 நாய்கள் என்று மதிப்பிட்டது. நாய் எதைத் தின்கிறது? நம் குப்பையை. ஹோட்டல் மிச்சம், கோழிக்கடைக் கழிவு, சப்பாத்தித் துண்டு, பிஸ்கட். அந்தச் சப்பாத்தியின் கோதுமை மத்தியப் பிரதேசத்திலோ பஞ்சாபிலோ விளைந்தது. கோழி தின்ற மக்காச்சோளமும் சோயாவும் வேறு மாவட்டங்களில் விளைந்தவை. ஆக முலுண்டுச் சிறுத்தையின் பிரமிடுக்கு அடித்தளத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கு வெளியே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, வயலில் இருக்கிறது. அதில் விழுந்த வெயிலையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். விதி எங்கும் உடையவில்லை. கோதுமையிலிருந்து நாய், நாயிலிருந்து சிறுத்தை என்று ஒவ்வொரு படியிலும் அந்த 2, 3 சதவீதம் மட்டும்தான் மிஞ்சி வருகிறது. கீழே கொட்டுவது அவ்வளவு அதிகம் என்பதால் மேலே இவ்வளவு நிற்கிறது.

மனிதர் தலையிட்டால்தான் இப்படி என்றும் இல்லை. மெக்சிகோவை ஒட்டிய கலிஃபோர்னியா வளைகுடாவில் செடியே அதிகம் இல்லாத பாலைத் தீவுகள் இருக்கின்றன. கேரி போலிஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1990களில் அங்கே சிலந்திகளை எண்ணியபோது, சின்னத் தீவுகளில் எக்கச்சக்கமாக இருந்தன. கடல் ஒதுக்கும் பாசியையும் செத்த பிராணிகளையும் பூச்சிகள் தின்கின்றன, பூச்சிகளைச் சிலந்தி தின்கிறது. தீவு சின்னதாக இருந்தால் நிலத்துக்குக் கரை அதிகம், எனவே கடலின் சாப்பாடும் அதிகம். தீவின் எல்லைக்கோட்டோடு கணக்கை முடித்திருந்தால் அவருக்கும் நம்மைப் போலவே தலை சுற்றியிருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் பிணந்தின்னிக் கழுகு. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் 1990களில் அவை மடிந்தன. வெண்முதுகுக் கழுகு 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் குறைந்தது. காரணம் 2004ல் உறுதியானது, 2006ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். செத்த மாட்டின் ஆற்றல் கழுகு இல்லையென்று காத்திருக்காது. நாய்க்கும் பாக்டீரியாவுக்கும் போனது. நாய்கள் பெருகியதில் இதற்குப் பங்கு உண்டு என்பதை ஏற்கலாம். மும்பை மாதிரி ஊரில் குப்பையின் பங்கு எவ்வளவு, கழுகு போனதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

அந்த 40 சதவீதத்தையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுத்தை என்ன தின்றது என்பதை நாம் நேரில் பார்ப்பதில்லை, அதன் எச்சத்தைச் சேகரித்துப் பார்க்கிறோம். என் மாணவர்களுக்கு இந்த வேலையைப் பழக்கியிருக்கிறேன். எச்சத்தை மெல்லிய சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினால் மண்ணும் குழம்பும் போய், ரோமம், குளம்புத் துண்டு, நகம், எலும்புச் சில்லு மிஞ்சும். ரோமத்தைக் காயவைத்து, கண்ணாடித் துண்டில் நகப்பூச்சைத் தடவி, அது காய்வதற்குள் அதன்மேல் அழுத்தி எடுத்தால் ரோமத்தின் செதில் வடிவம் பதிந்துவிடும். நுண்நோக்கியில் அதையும் ரோமத்தின் நடுத்தண்டையும் பார்த்து இது மான், இது நாய், இது குரங்கு என்று பிரிக்கிறோம். இதில் வழுக்கும் இடங்கள் இரண்டு. சின்ன இரையில் சதைக்கு ரோமம் அதிகம், அதனால் எச்சத்தில் அது பெரிதாகத் தெரியும். திருத்தம் போட்டுத்தான் கிலோவுக்கு மாற்ற வேண்டும். அப்புறம், எச்சத்தை எங்கே பொறுக்கினோம் என்பது. குடியிருப்பை ஒட்டிப் பொறுக்கினால் நாய் அதிகம் வரும், காட்டின் நடுவில் பொறுக்கினால் மான் அதிகம் வரும். அதனால் வேறு ஆய்வுகளில் நாயின் பங்கு குறைவாக வந்தால் அதற்காக யாரும் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. நாய் ஒரு முக்கியமான இரை என்பதில் மட்டும் சர்ச்சை இல்லை.

குப்பையை ஒழுங்காக அள்ளிவிட்டால் சிறுத்தை குறைந்துவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆற்றல் கணக்குப்படி காலப்போக்கில் குறைய வேண்டும். ஆனால் எந்த வேகத்தில், நடுவில் பசியோடு அவை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. கணக்கு உச்சவரம்பைச் சொல்லும், விலங்கின் நடத்தையைச் சொல்லாது.

சங்கிலி நாலைந்து படியில் நின்றுவிடுவதற்கு ஆற்றல் தீர்ந்துபோவதுதான் காரணம் என்று எல்லாப் புத்தகமும் அடித்துச் சொல்லும். நானும் பல வருடம் அப்படியே நடத்தினேன், முதல் தோராயத்துக்கு அது போதும். ஆனால் துறைக்குள் இது இன்னும் தீராத வழக்கு. ஆற்றல் மட்டும்தான் தடை என்றால் விளைச்சல் அதிகமுள்ள ஏரியில் சங்கிலி நீளமாக இருக்க வேண்டும். 2000ல் வட அமெரிக்க ஏரிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஏரி எவ்வளவு பெரியது என்பதோடுதான் சங்கிலியின் நீளம் பொருந்தியது, விளைச்சலோடு பொருந்தவில்லை. நீளமான சங்கிலி சின்ன அதிர்ச்சிக்கும் ஆட்டம் கண்டுவிடும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புக்கு இதெல்லாம் வேண்டாம். மகள் மேலே படித்தால் தானே வந்து சேரும்.

பரீட்சைக்கு: 10 சதவீதம் என்றே எழுதட்டும், தயங்க வேண்டாம். "சராசரியாக" என்ற சொல்லை விடாமல் போடட்டும், புத்தகத்திலும் அது இருக்கிறது. கணக்குக் கேள்வியில் முதல் எண் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "தாவரத்தில் 10,000 ஜூல் இருக்கிறது" என்றால் தாவர உண்ணிக்கு 1,000, அடுத்ததற்கு 100, அதற்கடுத்ததற்கு 10. "தாவரத்தின் மேல் 10,000 ஜூல் சூரிய ஒளி விழுகிறது" என்றால் முதல் படியில் 1 சதவீதம், ஆகத் தாவரத்தில் 100, தாவர உண்ணியில் 10, அதற்கடுத்து 1. கெட்டிக்காரப் பிள்ளைகளே இந்த இடத்தில் அவசரத்தில் எல்லாப் படிக்கும் பத்தால் வகுத்துவிடுவார்கள். அப்புறம் அம்புக்குறி. தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கி வரைய வேண்டும், ஆற்றல் போகும் திசை அது. புலியிலிருந்து மானுக்கு அம்பு போட்டால், மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் மதிப்பெண் போய்விடும்.